கிருஷ்ணகிரியிலிருந்து வயதான பெற்றோருடன் ஹஜ்: சென்னையில் ஏறுவதா, பெங்களூருவில் ஏறுவதா?

பர்கூர்வாசி:

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பர்கூருக்குப் பக்கத்தில் உள்ளது. அத்தாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 66 வயது. இருவருக்கும் நெடுநாளாக ஹஜ் நிய்யத் உண்டு. தங்கையின் திருமணம், வீட்டுக் கடன் என்று ஒவ்வொன்றாக வந்து தள்ளிப்போனது. இப்போதுதான் கடன் எதுவும் இல்லாமல் கையில் தொகை சேர்ந்திருக்கிறது. அடுத்த முறை ஹஜ் கமிட்டி விண்ணப்பம் திறக்கும்போது, இருவரையும் அழைத்துக்கொண்டு நானும் துணைக்குச் செல்லலாம் என்று எண்ணியிருக்கிறேன். விண்ணப்பத்தை அனுப்பிய பிறகு எதையும் மாற்றுவது கடினம் என்று பள்ளிவாசலில் பலரும் சொல்வதால், அதற்கு முன்பே சில விஷயங்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன்.

முதலாவது, புறப்படும் விமான நிலையம். பெங்களூரு விமான நிலையம் எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர். சென்னை விமான நிலையம் அதைவிட நூறு கிலோமீட்டர் கூடுதல். தூரத்தைப் பார்த்தால் பெங்களூருதான் சரி. ஆனால் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் இருக்கும் உறவினர்கள், “தமிழ்நாட்டு ஹாஜிகளோடு சென்னையிலிருந்து போனால்தான் பேச்சுத்துணை இருக்கும், பெங்களூரு வழியாகப் போனால் நம் மாநில ஒதுக்கீடு கிடைக்காது” என்கிறார்கள். அத்தா உருது பேசுவார். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்.

இரண்டாவது, பயணக் காலம். எங்களுக்கு மாந்தோப்புதான் வாழ்வாதாரம். ஹஜ் இப்போது மே மாதத்தில் வருகிறது. காய் பறிப்பும் அதே நேரத்தில்தான் தொடங்கும். நாற்பது நாட்கள் நானும் அத்தாவும் ஒன்றாக வெளியே இருந்தால் மண்டியோடு பேசவும் ஆள் பார்க்கவும் வீட்டில் ஆண்துணை இல்லை.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய கவலை. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம்; சர்க்கரையும் உண்டு. வீட்டுக்குள் நடமாடுவார், பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து நடந்தால் உட்கார வேண்டும். அவரை எப்படி நல்லபடியாக அழைத்துச் சென்று வருவது என்பதைச் சென்று வந்தவர்கள் சொன்னால் நன்றி உடையவனாக இருப்பேன். இதற்கிடையில் ஒரு தனியார் முகவர் வீட்டுக்கே வந்து, ஹரமுக்கு (மக்காவின் பெரிய பள்ளிவாசலுக்கு) அருகிலேயே ஓட்டல், நடக்கவே தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அத்தாவுக்கு மனம் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது.


ஓசூர் வாசகர்:

வஅலைக்கும் ஸலாம் சகோதரரே. விமான நிலையத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். மற்றவற்றுக்கு அனுபவம் உள்ளவர்கள் வருவார்கள்.

உறவினர்கள் சொன்ன ஒதுக்கீட்டுச் செய்தி தவறானது. இந்திய ஹஜ் கமிட்டி ஒதுக்கீட்டை விண்ணப்பதாரர் எந்த மாநிலத்தில் வசிக்கிறார் என்பதை வைத்துத்தான் கணக்கிடுகிறது. நீங்கள் தமிழ்நாட்டு முகவரியில், தமிழ்நாட்டின் ஒதுக்கீட்டில் விண்ணப்பித்துவிட்டு, புறப்பாட்டு நிலையமாகப் பெங்களூருவைக் குறிப்பிடலாம். விண்ணப்பத்தில் இரண்டு நிலையங்களை முன்னுரிமை வரிசைப்படி கேட்பார்கள். பெங்களூரு முதலில், சென்னை இரண்டாவது என்று எழுதுங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் விமானக் கட்டணம் வேறுபடும், அது ஆண்டுதோறும் மாறும். ஆகவே கட்டண விவரம் வெளிவந்ததும் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் சில ஆயிரம் ரூபாய் வேறுபாட்டுக்காக நிலையத்தை முடிவு செய்ய வேண்டாம் என்பது என் கருத்து.

நான் பெங்களூருவைச் சொல்வதற்குக் காரணம் போகும் பயணத்தைவிடத் திரும்பும் பயணம்தான். போகும்போது எல்லோரிடமும் தெம்பு இருக்கும். திரும்பி வரும்போது இருமலும் காய்ச்சலும் உடல் அலுப்புமாகத்தான் பெரும்பாலான ஹாஜிகள் இறங்குவார்கள். அந்த நிலையில் சென்னையிலிருந்து வேலூர், ஆம்பூர் வழியாக ஐந்து மணி நேரம் காரில் உட்கார்ந்து வருவது முழங்கால் வலி உள்ளவருக்குப் பெரிய சோதனை.

பெங்களூருவில் ஹஜ் பவன், ஹெக்டே நகரை அடுத்த திருமேனஹள்ளியில் இருக்கிறது. ஹாஜிகள் விமானத்துக்கு முன்பாக முகாமுக்கு வந்து பதிந்து, பாஸ்போர்ட்டும் அடையாளப் பொருட்களும் பெற்றுக்கொண்டுதான் விமான நிலையம் செல்வார்கள். அது நகரத்தின் வடபகுதி என்பதால், நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பாள் என்று நகரத்தை ஊடறுத்துச் செல்ல வேண்டியிருக்கும். பகலில் அந்த வழி நம்மைத் திணறடித்துவிடும். ஃபஜ்ருக்கு (அதிகாலைத் தொழுகைக்கு) முன்பே அத்திப்பள்ளியைக் கடந்துவிடுவது நல்லது. திரும்பும்போது நேராக விமான நிலையத்திலிருந்து வருவதால், தேவனஹள்ளியிலிருந்து ஹொஸ்கோட்டை, சர்ஜாபூர், அத்திப்பள்ளி என்று நகரத்துக்கு வெளியாலேயே வந்து ஓசூர் சாலையைப் பிடித்துவிடலாம்.

வழியனுப்ப வேன் வைத்துக்கொண்டு ஊரே வருவது நம் பக்கத்து வழக்கம். அன்போடுதான் வருகிறார்கள், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் உங்கள் அம்மாவின் நிலையில், ஸலாம் சொல்லி விடைபெறுவதையெல்லாம் முந்தின நாள் பர்கூரிலேயே முடித்துக்கொண்டு, ஒரே காரில் புறப்படுங்கள். முகாம் வாசலில் மணிக்கணக்காக நின்று ஒவ்வொருவரையும் கட்டித் தழுவி அழுதபிறகு விமானம் ஏறுபவர்களின் சோர்வை நான் பார்த்திருக்கிறேன்.


காவேரிப்பட்டணம் ஜமாஅத் ஊழியர்:

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் ஜமாஅத்தில் ஹஜ் விண்ணப்பம் நிரப்பித் தரும் பணியில் இருக்கிறேன். சகோதரர் விமான நிலையத்தை முதல் கேள்வியாக வைத்திருக்கிறார். என்னைக் கேட்டால், அதற்கு முன்பு தீர்க்க வேண்டிய கேள்வி உங்கள் கவரில் யார் யார் இருக்கப் போகிறார்கள் என்பதுதான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரே விண்ணப்பத்தில் சேர்ந்து செல்லும் குழுவைக் கவர் என்பார்கள், அதில் அதிகம் ஐந்து பேர் இருக்கலாம். கவரில் இருப்பவர்கள் ஒன்றாகவே தேர்வாவார்கள், ஒரே விமானத்தில் செல்வார்கள்.

நீங்கள் மூவர் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண். ஹஜ்ஜின் நாட்களில் ஹாஜிகள் தங்கும் மினாவில் கூடாரங்கள் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. அண்மையில் மக்காவில் கமிட்டி தரும் தங்குமிடத்திலும் கணவன் மனைவியாக இருந்தாலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறை என்ற ஏற்பாடு வந்துவிட்டது. அப்படியானால் நீங்களும் அத்தாவும் ஓர் அறையில் இருப்பீர்கள். முழங்கால் வலியும் சர்க்கரையும் உள்ள அம்மா, முன்பின் அறியாத பெண்களோடு இன்னோர் அறையில் இருப்பார். இரவில் கழிவறைக்கு எழுந்தால் கை கொடுக்கவும், மாத்திரை எடுத்துக் கொடுக்கவும், குளித்து உடை மாற்றும்போது பக்கத்தில் நிற்கவும் மகன் அங்கே செல்ல முடியாது. ஆகவே அம்மாவுடன் ஒரு பெண் கட்டாயம் வர வேண்டும். உங்கள் மனைவியோ தங்கையோ, யாரால் வீட்டை விட்டு வர முடியும் என்பதை இன்றே பேசுங்கள். தங்கை என்றால் அத்தாவும் நீங்களும் மஹ்ரமாக (திருமணம் செய்ய விலக்கப்பட்ட நெருங்கிய ஆண் உறவாக) இருப்பதால் அந்தக் கேள்வியும் தீர்ந்துவிடும்.

இதற்கு விதியிலும் வழி இருக்கிறது. 2025ஆம் ஆண்டு ஹஜ் முதல் 65 வயது நிறைந்தவர்களைக் குலுக்கல் இல்லாமல் முன்னுரிமைப் பிரிவில் எடுத்துக்கொள்கிறார்கள்; முன்பு அது 70 வயதாக இருந்தது. அந்தப் பிரிவில் செல்பவர் நெருங்கிய உறவினர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். துணையாளரும் குலுக்கல் இல்லாமலே தேர்வாவார். உங்கள் வீட்டில் கணவனும் மனைவியும் இருவருமே 65-ஐக் கடந்தவர்கள் என்பதால் இரண்டு துணையாளர்களைக் கேட்க இடம் உண்டு: அத்தாவுக்கு நீங்கள், அம்மாவுக்குத் தங்கை. வயதை எந்தத் தேதியில் கணக்கிடுகிறார்கள், துணையாளரின் வயது வரம்பு என்ன, எந்தெந்த உறவு ஏற்கப்படும் என்பவை அந்தந்த ஆண்டின் வழிகாட்டுக் குறிப்பில் இருக்கும். அதை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நீங்களே முழுவதும் படியுங்கள். ஹஜ் கமிட்டி வழியாக ஏற்கெனவே சென்று வந்தவர் பொதுவாக மீண்டும் விண்ணப்பிக்க முடியாது என்பதையும் உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள். இந்தப் பயணத்தையே அவர் தம் கடமையான ஹஜ்ஜாக நிய்யத் வைத்து நிறைவேற்றிக்கொள்ளலாம்.

தங்கைக்குச் சிறு குழந்தை இருந்தால் அதை யாரிடம் விடுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். 2025ஆம் ஆண்டு கூட்ட நெரிசலைக் காரணம் காட்டிச் சவூதி அரசு சிறுவர்களை உடன் அழைத்துவரத் தடை விதித்தது. கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கும் விஷயம் அல்ல இது.

அடுத்து ஆவணங்கள். பாஸ்போர்ட் நால்வருக்கும் கையில் இருந்தால்தான் விண்ணப்பத்தை நிரப்பவே முடியும். விண்ணப்பம் சென்ற இரண்டு ஹஜ்ஜுகளுக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் திறந்தது, திறந்திருந்த காலமும் குறைவு. அந்த நேரத்தில் பாஸ்போர்ட்டுக்கு ஓடினால் காவல்துறை விசாரணை முடிவதற்குள் கடைசி நாள் கடந்துவிடும். வயதானவர்களுக்கு ஆதார் அட்டையில் ஒரு பிறந்த தேதி, வாக்காளர் அட்டையில் ஒரு பிறந்த தேதி என்று இருப்பது நம் பக்கத்தில் சாதாரணம். 65 வயதுப் பிரிவில் விண்ணப்பிக்கும்போது பாஸ்போர்ட்டில் உள்ள தேதிதான் எடுத்துக்கொள்ளப்படும். உங்கள் அம்மாவுக்கு 66 வயது என்பது வீட்டுக் கணக்கா, பாஸ்போர்ட் கணக்கா என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

தொகையைப் பற்றி: 2025ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்கு முதல் தவணையாக ஒருவருக்கு 1,30,300 ரூபாய் கட்டச் சொன்னார்கள், 2026ஆம் ஆண்டுக்கு அது 1,52,300 ரூபாயானது. மீதி பின்வரும் தவணைகளில் கட்ட வேண்டும். அண்மைய ஆண்டுகளில் மொத்தம் மூன்றரை லட்சம் முதல் நான்கு லட்சம் ரூபாய் வரை ஆகிறது. தேர்வு அறிவித்த பிறகு முதல் தவணைக்குக் கொடுக்கும் அவகாசம் அதிகம் இருக்காது. நான்கு பேருக்கும் சேர்த்து ஆறு லட்சத்துக்கு மேல் உடனே கட்டும் நிலையில் பணம் இருக்க வேண்டும். வைப்பு நிதியில் பூட்டி வைத்திருந்தால் அதன் முதிர்வு நாளைக் கவனியுங்கள். தாமதமாக ரத்து செய்தால் பிடித்தமும் கூடிக்கொண்டே போகும். மத்திய அரசின் ஹஜ் மானியம் 2018-இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. தமிழக அரசு தரும் உதவித்தொகையைப் பற்றிச் சென்னையில் உள்ள மாநில ஹஜ் கமிட்டி அலுவலகத்தில் கேளுங்கள்.

மாந்தோப்பு விஷயத்தில், ஹஜ் கமிட்டியின் வழக்கமான பயணம் ஏறக்குறைய நாற்பது நாட்கள். 2026ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்கு இருபது நாள் அளவிலான குறுகிய காலத் திட்டம் ஒன்றையும் அறிவித்தார்கள். அதற்கு இடங்கள் குறைவு, கட்டணம் கூடுதல். அது மீண்டும் வந்தால் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அதை நம்பித் திட்டமிடாதீர்கள். ஹஜ் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாட்கள் முன்னால் வருவதால், இன்னும் சில ஆண்டுகளில் காய் பறிப்புக்கு முன்பே ஹஜ் வந்துவிடும் என்று காத்திருக்கவும் தோன்றும். அம்மாவின் முழங்காலையும் அத்தாவின் வயதையும் பார்த்தால் காத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பூ பிடிக்கும் பருவத்திலேயே அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடுங்கள். வருமானம் சற்றுக் குறையும். ஹஜ்ஜின் முக்கிய நாளில் அரஃபா திடலில் நிற்கும்போது மனம் மண்டியில் இருக்காது.


தருமபுரி சகோதரி:

மேலே சகோதரர் எழுதியதை நூறு முறை வழிமொழிகிறேன். நான் என் மாமியாரோடு சென்று வந்தவள். அவருக்கும் முழங்கால் வலிதான். மக்காவில் ஹரமுக்குப் போய் வருவதற்குத்தான் எல்லோரும் தயாராகிறார்கள்; உண்மையில் துல்ஹஜ் மாதம் 8 முதல் 12, 13 வரையிலான மினா நாட்களுக்குத்தான் நாம் தயாராக வேண்டும்.

ஹரமில் சக்கர நாற்காலி கிடைக்கும்; தள்ளுவதற்குக் கட்டணத்துக்கு ஆட்களும் உண்டு; மேல்தளத்தில் மின்வண்டியிலும் தவாஃப் (கஅபாவைச் சுற்றி வருதல்) செய்யலாம். ஸஃபா, மர்வாவுக்கு இடையில் ஏழு முறை செல்வது மூன்று கிலோமீட்டர் அளவுக்கு வரும், ஆனால் அங்கே சக்கர நாற்காலிகளுக்கென்றே நடுவில் தனிப்பாதை இருக்கிறது. ஆகவே இந்த இரண்டையும் நினைத்துப் பயப்பட வேண்டாம். கமிட்டியின் தங்குமிடம் பெரும்பாலும் மக்காவின் அஸீஸிய்யா பகுதியில் இருக்கும். ஹரமுக்குப் பேருந்து விடுவார்கள். ஐந்து வேளையும் ஹரமுக்கு ஓட வேண்டும் என்று அம்மாவை இழுக்காதீர்கள். ஹஜ்ஜின் நாட்களுக்குக் காலில் தெம்பை மிச்சம் வைப்பதே முக்கியம்.

மினா அப்படியல்ல. கூடாரத்தில் ஒருவர் தோளை ஒருவர் தொடும்படி மெத்தைகள் வரிசையாகக் கிடக்கும். எங்கள் கூடாரத்துக்கான கழிவறைகளில் பெரும்பாலானவை குத்துக்காலிட்டு உட்காரும் வகையாகவே இருந்தன. எப்போதும் வரிசை நிற்கும். மாமியாரால் கீழே உட்கார்ந்து எழ முடியாது என்பதால், மடித்து எடுத்துச் செல்லும் கழிப்பறை நாற்காலி ஒன்றைத் தருமபுரியிலேயே மருந்துக்கடையில் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டோம். அந்த நாற்காலி இல்லையென்றால் அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்திருப்பார். அந்த வெயிலில் அது உயிருக்கே ஆபத்து. 2024ஆம் ஆண்டு மஸ்ஜிதுல் ஹராமில் வெப்பம் 51 டிகிரியைத் தாண்டியதையும், அந்த ஹஜ்ஜில் 1,300 பேருக்கு மேல் இறந்ததையும் எல்லோரும் அறிவீர்கள். ஆகவே குடை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், தண்ணீர் தெளிக்கும் சிறு குப்பி ஆகியவை எப்போதும் கைப்பையில் இருக்கட்டும்.

அரஃபாவிலிருந்து முஸ்தலிஃபாவுக்குச் செல்லும் மாலைப் பொழுதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. ரயிலில் இடம் ஒதுக்கியிருந்தாலும் நிலையம் வரை நடக்க வேண்டும், நடைமேடைக்குக் காத்திருக்க வேண்டும். முஸ்தலிஃபாவில் கூரை இல்லை, வெறும் தரையில் பாயை விரித்துத்தான் இரவு. அங்கே கூட்டம் நகரும்போது பெண்களும் ஆண்களும் பிரிந்துவிடுவது இயல்பு. என் மாமியாருக்குச் சக்கர நாற்காலியை இங்கிருந்தே கொண்டுபோயிருந்தோம். மடக்கும் வகை, எடை குறைந்தது. அதைத் தள்ளுவதற்கு அண்ணனும் பக்கத்தில் நடப்பதற்குத் தங்கையும் என்று நீங்கள் இப்போதே வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மார்க்கத்தில் இயலாதவர்களுக்குத் தந்திருக்கும் சலுகைகளை ஊரில் உள்ள ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பலவீனமானவர்கள் முஸ்தலிஃபாவிலிருந்து நள்ளிரவுக்குப் பிறகு புறப்படுவது, ஜம்ராவில் (மினாவில் கல்லெறியும் தூண்களில்) கல்லெறிய இயலாதவருக்காக வேறொருவர் எறிவது போன்றவற்றை அங்கே போய் ஆளுக்கு ஒன்று சொல்லும்போது கேட்டுக் குழம்பக் கூடாது. என் மாமியாருக்குத் தம் கையால் எறிய முடியவில்லையே என்ற வருத்தம் இருந்தது. ஊரில் ஹஸ்ரத் சொன்னதை நினைவூட்டியதும்தான் சமாதானமானார்.

மொழியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெங்களூருவிலிருந்து சென்றால் அறையிலும் பேருந்திலும் உருதும் கன்னடமும்தான் அதிகம் காதில் விழும். உங்கள் தங்கை உடன் இருந்தால் இது பெரிய குறையாகத் தெரியாது. அவர் வரவில்லை என்றால் மட்டும் நான் சென்னையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

இன்னும் ஒன்று. முன்கட்ட விமானங்கள் நேரே மதீனாவுக்கும், பிந்தையவை ஜித்தாவுக்கும் செல்லும். மதீனாவுக்கு முதலில் சென்றால் இங்கிருந்து இஹ்ராம் (ஹஜ், உம்ராவுக்கான நிலையும் அதற்குரிய உடையும்) தேவையில்லை. மக்காவுக்குப் புறப்படும்போது மதீனாவுக்கு வெளியே துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டலாம். ஜித்தா விமானம் என்றால் மீக்காத் (இஹ்ராம் கட்ட வேண்டிய எல்லை) வானிலேயே கடந்துவிடுவதால், அத்தாவும் நீங்களும் இங்கேயே இஹ்ராம் உடை உடுத்தி ஏற வேண்டும். விமானத் தேதி வந்தவுடன் இதைக் கேட்டறிந்து, அதற்கேற்பக் கைப்பையைக் கட்டுங்கள்.


அரூர் வாசகர்:

தனியார் முகவரைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். தனியார் வழியாகச் செல்வது தவறல்ல. மத்திய சிறுபான்மையினர் நல அமைச்சகம் உரிமம் வழங்கிய ஹஜ் குழு அமைப்பாளர்கள் இருக்கிறார்கள், அவர்களின் பட்டியலை அமைச்சகம் வெளியிடுகிறது. வீட்டுக்கு வந்தவர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா, அல்லது பட்டியலில் இருப்பவருக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவரா என்பதை முதலில் கேளுங்கள். நம் மாவட்டங்களில் வந்து போகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது வகையினர்.

உரிமம் இருந்தும் 2025ஆம் ஆண்டில் என்ன நடந்தது என்பதை மறக்கக் கூடாது. இந்தியாவின் மொத்த ஒதுக்கீடான 1,75,025 இடங்களில் தனியாருக்கு 52,507 இடங்கள் இருந்தன. சவூதி அரசு விதித்த கெடுவுக்குள் மினா இடத்துக்கும் தங்குமிடத்துக்குமான ஒப்பந்தங்கள் முடியாததால் அவற்றில் பெரும்பகுதி கைவிட்டுப் போனது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு 10,000 பேருக்கு மட்டும் வழி திறந்தது. பணம் கட்டியிருந்த மற்றவர்கள் பெட்டி கட்டிய நிலையில் வீட்டிலேயே இருக்க நேர்ந்தது. எங்கள் உறவினர் ஒருவரும் அதில் உண்டு. அவர் கட்டிய தொகையில் ஒரு பகுதி திரும்பி வரவே பல மாதங்கள் ஆயின.

இதைவிட மோசமானது சுற்றுலா விசாவிலும் உறவினர் அழைப்பு விசாவிலும் அழைத்துச் சென்று ஹஜ் செய்ய வைப்பதாகச் சொல்வது. ஹஜ் விசா இல்லாதவருக்கு நுஸுக் அட்டை (ஹாஜிகளுக்கான அனுமதி அடையாள அட்டை) இல்லை. அட்டை இல்லாதவருக்கு மினாவில் கூடாரமும் இல்லை, குளிரூட்டிய பேருந்தும் இல்லை. 2024இல் இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் இப்படி அனுமதி இல்லாமல் சென்றவர்களே என்று சவூதி அரசே அறிவித்தது. 66 வயது அம்மாவை அந்த நிலையில் நிறுத்துவதற்கு எந்த முகவருக்கும் உரிமை இல்லை.

“நடக்கவே தேவையில்லை” என்று உங்கள் அத்தாவிடம் அவர் சொன்னதையும் பொருட்படுத்த வேண்டாம். ஓட்டல் ஹரமின் வாசலிலேயே இருந்தாலும் மினாவும் அரஃபாவும் முஸ்தலிஃபாவும் எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த நடையை யாரும் விலைகொடுத்து நீக்கிவிட முடியாது. 65 வயதுப் பிரிவில் குலுக்கலே இல்லாமல் இடம் கிடைக்கும் நிலையில், உங்கள் குடும்பத்துக்குத் தனியாரை நாட வேண்டிய தேவையே இல்லை என்று நான் நினைக்கிறேன்.


பர்கூர்வாசி:

எல்லோருக்கும் அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. இரவு முழுவதும் குடும்பத்தோடு உட்கார்ந்து இவற்றை வாசித்தோம். தங்கை வருவதாகச் சொல்லிவிட்டார்; அவருடைய பிள்ளையை மாப்பிள்ளையின் தாயார் பார்த்துக்கொள்வார். அம்மாவின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்ததில் தேதி சரியாகவே இருக்கிறது, ஆனால் தங்கைக்குப் பாஸ்போர்ட் இல்லை. இந்த வாரமே விண்ணப்பிக்கிறோம். நிலையம் பெங்களூரு என்று முடிவாயிற்று. தோப்பை ஓர் ஆண்டுக் குத்தகைக்கு விடுவதற்கு அத்தா இன்னும் முழுமனதாக ஒப்பவில்லை, மறுக்கவும் இல்லை.

ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது. அம்மா முழங்கால் வலிக்கும் நரம்பு எரிச்சலுக்கும் சர்க்கரைக்கும் தொடர்ந்து மாத்திரை எடுக்கிறார். நாற்பது நாட்களுக்கும் இங்கிருந்தே கொண்டுபோகலாமா? தடுப்பூசிகள் எப்போது போட வேண்டும்?


தருமபுரி சகோதரி:

சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை முழுக் காலத்துக்கும் இங்கிருந்தே கொண்டுபோங்கள். பட்டையைப் பிரிக்காமல், மருத்துவர் எழுதித் தந்த சீட்டோடு வையுங்கள். அந்தச் சீட்டில் வணிகப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் எழுதித் தரும்படி கேளுங்கள். பாதியைக் கைப்பையிலும் பாதியைப் பெட்டியிலும் வைத்தால், ஒன்று தாமதமானாலும் மற்றொன்று இருக்கும். மக்காவிலும் மதீனாவிலும் இந்திய ஹஜ் மிஷனின் மருத்துவமனைகள் உண்டு, நம் மருத்துவர்களே இருப்பார்கள்.

வலி மாத்திரையில்தான் கவனம் வேண்டும். டிரமடால், நரம்பு எரிச்சலுக்குத் தரும் பிரிகாபலின் ஆகியவை சவூதியில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். அம்மாவின் மாத்திரையில் இவை இருக்கின்றனவா என்று மருத்துவரிடம் காட்டி, இருந்தால் வேறு மருந்துக்கு இப்போதே மாற்றச் சொல்லுங்கள். புதிய மருந்து அம்மாவுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கவும் சில மாதங்கள் வேண்டும்.

மூளைக்காய்ச்சல் தடுப்பூசி சவூதியில் இறங்குவதற்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன்பு போட்டிருக்க வேண்டும். போலியோ சொட்டு மருந்தும் கொடுப்பார்கள், முதியவர்களுக்கு ஃபுளூ காய்ச்சல் தடுப்பூசியும் உண்டு. ஹாஜிகளுக்கான முகாம் எங்கே, எப்போது என்பதைத் தேர்வான பிறகு அறிவிப்பார்கள். சான்றிதழை அங்கேயே வாங்கிப் பாஸ்போர்ட் நகலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா வீட்டிலேயே அரைத்த குருமாப் பொடி கொண்டுபோக ஆசைப்பட்டால், அதில் கசகசா சேர்க்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். சவூதியில் கசகசா போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. பெட்டியில் ஒரு கைப்பிடி இருந்தாலும் ஜித்தா விமான நிலையத்தில் நிறுத்திவைத்து விசாரிப்பார்கள். மிளகாய்த்தூள், மல்லித்தூள், ஊறுகாய் எல்லாவற்றையும் கடையில் வாங்கிய முத்திரை உடையாத பொட்டலமாகவே வையுங்கள்.